உப்புப் பார்க்காத கறி

ரொம்மன், ஒஸ்லோ
06.10.2024

அன்பின் யோகத்துக்கு,

கமலா எழுதுகிறேன். சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ உடனே மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடுவாய். ஆகவே, இருக்கிறேன். நீயும் உன்னுடைய மனிசனும் எப்படி?

கையில் ரெலிபோன் இருக்க இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போன கிழமை நான் எடுத்தபோது என்ன நடந்தது? எனக்கு மருந்தாலே வாயெல்லாம் புண், சத்தம் வரவில்லை. உனக்குக் காது கேட்கவில்லை. நீ அங்கே "ஆர்? ஆர்?" என்று கத்த, நான் இங்கே "நான்தான், நான்தான்" என்று முனக, கடைசியில் ஏதோ சாமான் விற்கிறவன் என்று நினைத்து நொஸ்க் பாஷையில் ஏசிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி எழுத்துத்தான் என்று. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நீ எட்டாம் வகுப்பு படித்தவள், உன்னுடையது கோழி கிளறினது மாதிரி. பறவாயில்லை, வாசிக்கிறேன்.

குடலில் இருந்த கட்டியை ஆனி மாதம் வெட்டி எடுத்தது உனக்குத் தெரியும். மிச்சம் மீதி எங்கேயாவது ஒளித்திருக்கும் என்று இப்போது மூன்று கிழமைக்கு ஒருதரம் மருந்து ஏற்றுகிறார்கள். கான்சர் என்று சொல்லும்போது இங்கே வருகிற சனம் எல்லாம் குரலைத் தாழ்த்துகிறது, அதற்குக் காது இருக்கிறது மாதிரி. நான் சத்தமாகத்தான் சொல்கிறேன்.

மருந்து ஏற்றின பிறகு குளிர்ந்த சாமான் தொட ஏலாது. பாட்ஸ்பியோர்ட் மீன் பக்டறியில் உன் பக்கத்தில் நின்று அத்தனை வருடம் ஐஸ் மீன் பிடித்த கை, இப்போது பிரிட்ஜில் பால் பெட்டியைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது. பேத்தி சாருகா சொல்கிறாள், "அப்பம்மா, உங்களுக்கு எர்த் கொடுக்கேல்லை" என்று. அவள் எலெக்ரிக் வேலை பழகுகிறாள் அல்லவா. தலையில் தொப்பி, இடுப்பில் பை, ஏணியில் ஏறி நிற்கிற வடிவைப் பார்க்க வேண்டும். கோயிலில் ஒருத்தி கேட்டாள், "ஐயோ, பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கேல்லையோ?" நான் கேட்டேன், "உங்கடை வீட்டிலை லைற் நிண்டால் டொக்டர் வந்து போடுவாரோ?"

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கையில் பழமும் மறு கையில் தடையும் கொண்டு வருகிறார்கள். இனிப்பு கான்சர் வருத்தத்துக்குத் தீனி என்கிறாள் ஒருத்தி. பால் கூடாது என்கிறாள் இன்னொருத்தி. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, கோழி சூடு. எல்லார் சொல்லையும் கேட்டால் எனக்கு மிஞ்சுவது தண்ணீரும் திருநீறும்தான். ஆஸ்பத்திரியிலோ ஜோனாஸ் என்று ஒரு தாடிக்காரப் பொடியன். நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்ப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். உத்தியோகப் பெயர் ரயில் மாதிரி நீளம், நான் சாப்பாட்டுப் பொடியன் என்றுதான் சொல்வது. அவன் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்கிறான். பட்டர் போடு, கிரீம் போடு, முட்டை சாப்பிடு, இனிப்பென்றாலும் பறவாயில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடு. எடை இன்னும் குறைந்தால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டி வருமாம்.

பிறகு கேட்டான், "உங்களுக்குச் சாப்பிட ஏலாமல் இருக்குதோ, சாப்பிட மனமில்லாமல் இருக்குதோ? ரண்டும் வேறை வேறை." சாப்பாட்டை விசாரிக்க வந்தவனுக்கு என் மனம் எதற்கு? "எல்லாம் நல்லம்" என்றேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ருசி போய்விட்டது. எதை வைத்தாலும் வாய்க்குள் இரும்பாணி. உப்பு மட்டும் நிறையப் போட்டால் கொஞ்சம் பிடிபடுகிறது. அதை வைத்துச் சமாளித்துச் சமைக்கிறேன். வீட்டில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மருமகள் ராகவி என் கையிலிருக்கிற அகப்பையைப் பறித்துவிடுவாள்.

கோழிக் கிளறலை எதிர்பார்க்கும்,
கமலா


பாட்ஸ்பியோர்ட்
17.10.2024

என்னுடைய பெருமைக்காரிக்கு,

உன் கடிதத்தை இவர் சத்தமாக வாசிக்க நான் கேட்டேன். காது மிஷின் போட்டிருந்தேன், ஆகவே ஒரு சொல்லும் தப்பவில்லை. நொஸ்க்கில் ஏசினதுக்குக் குறை நினைக்காதே. அந்த முனகலைக் கேட்டு யாரோ கெட்ட எண்ணத்தோடு எடுக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

இங்கே காற்று தொடங்கிவிட்டது. துறையில் வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. பக்டறியில் இப்போது எங்களுடைய சனம் கொஞ்சம்தான், எல்லாரும் உன்னைப் போல ஒஸ்லோவுக்கு ஓடிவிட்டார்கள். இவருக்கு இந்தக் கடலை விட்டு வர மனமில்லை. எனக்கு இவரை விட்டு வர மனமில்லை. அவ்வளவுதான் எங்கள் கதை.

இனி உன் கதைக்கு வருகிறேன். எடி கமலா, நீ என்ன பைத்தியமோ? ருசி தெரியாமல் உப்புப் பார்க்கிறாயோ? நீயும் நானும் மீன் வெட்டினவர்கள். கூரான கத்தி கையை வெட்டினது குறைவு, மழுங்கின கத்திதான் வெட்டும். அமர்த்தினால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. உன் நாக்கு இப்போது மழுங்கின கத்தி. வீட்டில் சொல்லு. ராகவி நல்ல பிள்ளை. அகப்பையைப் பறித்தாலும் திருப்பித் தருவாள்.

அந்தப் பொடியன் கேட்ட கேள்விக்கு ஏன் பதில் சொல்லவில்லை? நானென்றால் இருத்தி வைத்து ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பேன்.

பக்டறிக்காரர் எங்களைத் தங்க வைத்த வாடி வீட்டில் நீ ஆக்கின மீன் குழம்புக்கு அந்தப் போர்மன் ஆன்ட்ரியாஸ் வாசலில் வந்து நிற்பானே, ஞாபகமா? மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டான். அவன் இப்போதும் இங்கேதான், தடி ஊன்றி நடக்கிறான். உன் வருத்தத்தைச் சொன்னேன். "குழம்புக்காரியோ?" என்று கேட்டான்.

வேளைக்குச் சாப்பிடு. எழுது.

யோகம்


ரொம்மன்
03.11.2024

அன்பின் யோகம்,

உன் கடிதம் கிடைத்தது. மழுங்கின கத்தி என்று எழுதினாய். சரி, உனக்கு எழுதலாம். ஆனால் நான் சமைக்கத் தொடங்கினது ஒன்பது வயதில். அம்மா படுத்த படுக்கையானதும் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே அடுப்படிக்கு வந்தவள். இந்த ஒன்று என் கையில் இருந்து போகாது.

அத்தாட்சி வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மேசைக்கு வா. ஒருவரும் ஒரு குறை சொல்வதில்லை. மகன் பிரசாந் தலை நிமிராமல் சாப்பிடுகிறான். ராகவி "நல்லா இருக்கு மாமி" என்கிறாள். முன்னரெல்லாம் அவள் இப்படிச் சொல்ல மாட்டாள், இந்த வருத்தம் வந்த பிறகு மருமகளின் வாயிலும் தேன் வந்திருக்கிறது. சாருகா வேலையால் வந்து ஒரு கோப்பை சோறு, அதற்கு மேலே தண்ணீர். எல்லாரும் இப்போது நல்லாத் தண்ணீர் குடிக்கிறார்கள். மேசையில் கண்ணாடி ஜக்கை நிரப்பி வைத்தால் சாப்பிட்டு முடிய முன்னர் இன்னொருதரம் நிரப்ப வேண்டும். குளிர் காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டில் தொண்டை காயும்தானே. நல்ல பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பசி இல்லை. பரிமாறும்போது "நான் முன்னமே சாப்பிட்டிட்டன்" என்று சொல்லிவிடுகிறேன். ராகவி ஆஸ்பத்திரியில் தந்த சத்துப் போத்தல் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கு இறங்கும்? பால் பொங்குமா என்று காவல் நிற்கிறது மாதிரி. ஆனால் பிள்ளைகள் என் கறியைச் சாப்பிடுகிறதைப் பார்க்க எனக்கு வயிறு நிரம்புகிறது. பொய் இல்லை, உண்மையாகவே நிரம்புகிறது.

எடை கொஞ்சம் குறைந்துவிட்டதாம். ஜோனாஸ் பொடியன் முகத்தைச் சுருக்கினான். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான், ஏலாமலோ மனமில்லாமலோ என்று. "கறி என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு? ஒருநாள் வா" என்றேன். சிரித்தான். நல்ல பல்.

சாருகாவுக்குச் சம்பளம் முதல்தரமாக உயர்ந்தது. எனக்கு ஒரு கம்பளிக் கையுறை வாங்கித் தந்தாள், பிரிட்ஜ் திறக்கிறதுக்கு. வீட்டுக்குள் கையுறை போட்டுக்கொண்டு மிளகாய்த்தூள் போத்தல் திறக்கிற ராணி நான்தான்.

ஆன்ட்ரியாசுக்குச் சொல்லு, குழம்புக்காரி இன்னும் குழம்பு வைக்கிறாள் என்று.

கமலா


பாட்ஸ்பியோர்ட்
12.11.2024

அன்பின் கமலா,

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்து இரண்டு தரம் கிழித்தேன். இவர் சொன்னார், "எழுதாட்டில் நீயும் அவையளோடை சேர்ந்த ஆள்தான்" என்று. ஆகவே எழுதுகிறேன்.

ராகவி எனக்குக் கோல் எடுத்தாள். கார் நிறுத்துகிற இடத்தில், காருக்குள் இருந்து கத்தினாள், எனக்குக் கேட்க வேண்டும், வீட்டுக்குக் கேட்கக் கூடாது. "அன்ரி, மாமியின்ரை கறி எல்லாம் ஒரே உப்பு. வாயிலை வைக்க ஏலாது. என்ரை அவருக்குப் பிறசர் ஏறி டொக்டர் ஏசிப்போட்டார். சாருகா வேலையிடத்திலை சொசேஜ் வாங்கிச் சாப்பிட்டிட்டு வந்து, வீட்டிலை நடிக்கிறாள். சொன்னால் மாமி உடைஞ்சு போவா. சமையலும் இல்லாட்டில் அவ படுத்திடுவா. அதுதான் விழுங்குறம். நீங்கள் ஒருக்கால் பக்குவமாய்ச் சொல்லுங்கோ அன்ரி." சொல்லிவிட்டு அழுதாள்.

பக்குவமாகச் சொல்ல எனக்கு எங்கே தெரியும். அந்தத் தண்ணீர் ஜக் ஹீற்றருக்காக நிரம்பவில்லை, கமலா. உன் கறிக்காக நிரம்புகிறது.

அவர்கள் பொய் சொன்னது உன்னை ஏமாற்ற இல்லை. உன்னை எழுந்து நடமாட வைக்க. ராகவியைக் கோபிக்காதே. கோபிப்பதென்றால் என்னைக் கோபி, நான் தூரத்தில் இருக்கிறேன், தாங்குவேன்.

உப்பை ராகவி பார்க்கட்டும். அகப்பை உன் கையிலேயே இருக்கட்டும். அவ்வளவுதானே?

யோகம்


பாட்ஸ்பியோர்ட்
02.12.2024

கமலா,

பதில் இல்லை. போஸ்ட்காரன் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். அவன் மின்சார பில்லை மட்டும் ஒழுங்காகக் கொண்டு வருகிறான்.

இங்கே சூரியன் போய்விட்டது. இனித் தைப்பொங்கல் கழிய வேண்டும். மத்தியானத்தில் வானம் கொஞ்சம் நீலமாகிறது, அந்த நேரத்தில் யன்னலடியில் இருந்து எழுதுகிறேன்.

ராகவி சொன்னாள், நீ குசினிப் பக்கம் போவதில்லையாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். கேட்டால் "ஒண்டுமில்லை பிள்ளை" என்கிறாயாம். இந்த முறை மருந்து ஏற்றப் போன இடத்தில் எடை காணாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த மருந்து உனக்கு வேண்டும், கமலா. வெட்டி எடுத்த இடத்தில் அது திரும்ப முளைத்தால் நான் யாருக்குக் கோழி கிளறுவது?

நான் எழுதினது பொய்யில்லை. ஆனால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத் தாளித்து எழுதியிருக்கலாம். பச்சையாக வைத்துவிட்டேன்.

ஏசியாவது எழுது. உன்னுடைய ஏச்சைக் கேட்டுக் கனகாலம்.

யோகம்


ரொம்மன்
27.12.2024

அன்பின் என்று எழுதக் கொஞ்சம் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும், அன்பின் யோகத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று அதை நான் வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை. வழமை போலச் சோறு, பருப்பு, மீன் குழம்பு மேசையில் வைத்துவிட்டு இருந்து பார்த்தேன். பிரசாந் ஒரு வாய் வைத்தான், ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தான். ராகவி ஒரு வாய், ஒரு மிடறு. சாருகா ஜக்கை எடுத்து ஊற்றினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் யோகம் என்னால் தாங்க முடியவில்லை. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன்.

உன்மேல் ஏன் கோபம் என்று கேட்பாய். ராகவிமேல் கோபிக்க எனக்குத் துணிவு இல்லை. என்னைக் குளிக்க வார்க்கிறவள் அவள், மருந்தாலே நான் சத்தி எடுத்த வாளியைக் கழுவுகிறவள் அவள். ஆகவே உன்மேல். நீயே சொன்னாய், தூரத்தில் இருக்கிறாய் என்று.

மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பின அன்று ஜோனாஸ் வந்தான். அதே கேள்வி. இந்தமுறை "எல்லாம் நல்லம்" என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த மீன் பக்டறி நொஸ்க்கில் சொன்னேன்: "என்ரை சாப்பாட்டை ஆரும் விரும்பிச் சாப்பிடேல்லை. எனக்கு ஏன் சாப்பாடு?" சொன்னதும் அழுகை வந்துவிட்டது, ஒரு பொடியனுக்கு முன்னால். வெட்கம். அவன் பேனையை மூடி வைத்தான். "நல்லது, இப்பத்தான் நீங்கள் எனக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறியள்" என்றான். "இது மனக்கவலை எல்லோ?" என்றேன். "ஓம். அதுவும் என்ரை வேலைதான்" என்றான். உப்பில் மட்டுமல்ல, எல்லா ருசியிலும் இந்த மருந்து எடுக்கிற கனபேருக்கு நாக்கு இப்படித்தான் பொய் சொல்லுமாம், முடிந்து சில மாதத்தில் பெரும்பாலும் திரும்புமாம். வீட்டில் வெளிப்படையாகக் கதைக்கச் சொன்னான். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கதைக்கவில்லை.

இனி நடந்ததைக் கேள். மார்கழித் தேய்பிறை அட்டமி, சாருகாவின் அப்பப்பாவுக்கு, என்னுடைய மனிசனுக்கு, திவசம். அது இந்தமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு நாளுக்கு முன்னர் பிரசாந் அறை வாசலில் நின்று சொன்னான், "அம்மா, கடையிலை சொல்லி எடுப்பம். நீங்கள் ஏலாமல் இருக்கிறியள்."

"உன்ரை அப்பாவுக்குக் கடைச் சாப்பாடோ?"

"மாமி, நான் சமைக்கிறன்," என்றாள் ராகவி பின்னால் நின்று.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன். "உப்புக்குப் பயப்பிடுறியோ?"

அந்த வீட்டில் அந்தச் சொல் முதல்தரம் வெளியே வந்தது. பிரசாந் நிலத்தைப் பார்த்தான். ராகவி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு என் கட்டிலில் வந்து இருந்து, "ஓம் மாமி. சரியான பயம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக. எனக்கும் அப்படியே. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து குலுங்கினதைப் பார்த்து பிரசாந் பயந்துபோய் சாருகாவைக் கூப்பிட்டான்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. படையலுக்குச் சமைக்கிற சாப்பாட்டை யார் உப்புப் பார்க்கிறது? படைக்க முன்னர் வாயில் வைத்தால் எச்சில். என் மாமியாருக்குத் திவசம், மாமனாருக்குத் திவசம், இவருக்கு வருடா வருடம், ஒருநாளும் நான் ஒரு துளி நாக்கில் வைத்ததில்லை. ஒருநாளும் உப்புப் பிழைத்ததும் இல்லை. இத்தனை மாதமும் இந்த நாக்கைக் கேட்டுக் கேட்டுத்தானே கையைக் கெடுத்தேன்!

"ராகவி, நீயும் உப்புப் பாக்கேலாது, நானும் பாக்கேலாது. பயந்தால் ரண்டு பேரும் சேர்ந்து பயப்பிடுவம்" என்றேன்.

ஞாயிறு விடிய ராகவி மரக்கறி வெட்டினாள், நான் அடுப்படியில் கதிரை போட்டு இருந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கீரை, வடை, பாயாசம். உப்பு ரின்னுக்குள் கையை விட்டேன். விரல் விறைப்புத்தான், ஆனாலும் எடுத்த அளவுக்கு மேலே கை போகவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. ராகவி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தது எனக்கு அன்று பாரமாக இல்லை, ஏனென்றால் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

கர்ப்பூரம் கொளுத்த முன்னர் சாருகா ஏணி வைத்துப் புகை மணியைக் கழற்றினாள். போன வருடம் அது கத்தி மேல்மாடி நொஸ்க்காரர் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினது உனக்குச் சொன்னேன் அல்லவா. தீபம் முடிய உடனே திரும்பப் பூட்டிவிட்டாள், கை சுத்தமான வேலைக்காரி. காகத்துக்கு வைக்கிறதைக் கீழே கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். சாம்பல் சட்டை போட்ட இந்த ஊர்க் காகம் வந்து முதலில் வடையைத் தூக்கியது. அவரும் அப்படித்தான், சோற்றுக்கு முன்னர் வடை.

பிறகு எல்லாரும் இருந்தோம். மேசையில் ஜக் நிறையத் தண்ணீர். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, முகம் பொய் சொல்லும் என்று பழகிவிட்டேன். ஜக்கைத்தான் பார்த்தேன். பிரசாந் கத்தரிக்காயைக் குழைத்து வாயில் வைத்தான். கை ஜக்குக்குப் போகவில்லை. சாருகா பருப்பை ஊற்றினாள், வடையைப் பிய்த்தாள், போனில் வந்த ஏதோ முசுப்பாத்தியைக் காட்டித் தாயைச் சிரிக்க வைத்தாள். கை போகவில்லை. ராகவி என்னிடம் கேட்டாள், "மாமி, கத்தரிக்காய் இன்னும் இருக்கோ?" அவள் கோப்பையை நீட்டினது எனக்கு, யோகம். நான் போட்டேன்.

என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் சாப்பாடு. நானும் சோற்றில் கொஞ்சம் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்தேன். ருசி என்று கேட்காதே, அதே இரும்பாணிதான். ஆனால் இறங்கியது. இரண்டாம் வாயும் இறங்கியது. பாயாசத்துக்குள் ஜோனாசின் கிரீமை ஊற்றியிருந்தேன், அவர் கோபிக்க மாட்டார் என்று. அதுவும் ஒரு கிண்ணம்.

சாப்பாடு முடிய ஜக்கை நானே தூக்கிக்கொண்டு போனேன். பாரமாக இருந்தது.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். எல்லாரும் என்னை வருத்தக்காரி என்று பார்த்து இனிப்பாகப் பேசினார்கள். நீ ஒருத்திதான் என்னைக் கமலா என்று பார்த்துப் பேசினாய். ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து இதைக் கண்டுபிடித்தேன். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். உனக்கு என்னைத் தெரியும்.

கமலா


பாட்ஸ்பியோர்ட்
08.01.2025

எடி கமலா,

இவர் வாசித்துக்கொண்டு போனார், "பாரமாக இருந்தது" என்ற இடத்தில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நாற்பது வருடத்தில் இந்த மனிசன் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் தூசியாம்.

ஆன்ட்ரியாசுக்கும் சொன்னேன், நொஸ்க்கில். படையல், காகம் எல்லாம் விளங்கப்படுத்த என்னால் ஏலவில்லை. "அவள் திரும்பச் சமைக்கிறாள்" என்றேன். அது போதும் என்றான்.

மன்னிப்புக் கேட்க மாட்டாயாம். சரி, வைத்துக்கொள். நானும் கேட்கவில்லை, கணக்குச் சரி.

இன்னும் சில நாளில் இங்கே சூரியன் திரும்பும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு இனிப்புப் பணிஸ் சுட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஒஸ்லோவுக்கு ஒருதரம் வரலாம் என்று யோசிக்கிறேன். இவர் வரமாட்டார், கடல் தனியாக இருக்குமாம். வரட்டோ? வந்தால் ராகவிக்குக் கரைச்சலோ?

யோகம்


ரொம்மன்
26.01.2025

அன்பின் யோகத்துக்கு,

வா. இதற்கெல்லாம் கேள்வியோ? ராகவி ஏற்கனவே உனக்குப் படுக்கை விரித்துவிட்டாள். சாருகாவின் அறையில்தான். அவள் குறட்டை விடுவாள், காது மிஷினைக் கழற்றிவிட்டுப் படு, பிரச்சினை தீர்ந்தது.

மருந்து இந்தமுறை ஏற்றிவிட்டார்கள். எடை கூடிவிட்டது என்று நினைக்காதே, குறையாமல் நிற்கிறது. அதற்கே ஜோனாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். தைப்பொங்கலன்று அவனுக்கு ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். "நெய் இருக்கோ?" என்று கேட்டான். "பின்னே?" என்றேன். "பட்டரைவிட நல்லம்" என்று நின்ற நிலையிலேயே சாப்பிட்டான்.

களைப்பு இருக்கிறது. சில நாள் படுக்கையை விட்டு எழும்ப மனம் வராது. அந்த நாட்களில் "இண்டைக்கு மனமில்லை" என்று சொல்லிவிடுகிறேன், "ஒண்டுமில்லை" என்று சொல்வதில்லை. ராகவி சத்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடுகிறாள். போன பிறகு குடிக்கிறேன். வந்து வெறும் போத்தலைப் பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை. படிப்பித்தால் படிக்கிற மருமகள். போன கிழமை ஒருத்தி வந்து, "அக்கா, பால் தொடாதேங்கோ, நெய் தொடாதேங்கோ" என்று தொடங்க, ராகவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அன்ரி, மாமிக்கு ஆஸ்பத்திரியிலை சொன்னதுதான் சட்டம். நீங்கள் பணிஸ் எடுங்கோ" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

என் கை ஒவ்வொரு நாளும் திவசத்தன்று மாதிரி நடக்கும் என்று நினைத்துவிடாதே. செவ்வாய்க்கிழமை சாம்பாரை வாயில் வைத்துவிட்டு சாருகா முகத்துக்கு நேரே சொன்னாள், "அப்பம்மா, இதிலை உப்பே இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு!" பிரசாந் அவளை முறைத்தான். நான், "எழும்பிப் போய் உப்பு ரின்னை எடுத்துக்கொண்டு வாடி, கதைக்கிறாய்" என்றேன். எல்லாரும் அவரவர்க்குத் தேவையானதைப் போட்டுக் கலக்கினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ? பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்த அன்று கூட இவ்வளவு இல்லை. நான் முதலாம் பிள்ளையாக வந்தது உனக்குத் தெரியாது. அஞ்சாம் வகுப்பில்.

வரும்போது ஆன்ட்ரியாசிடம் கேட்டு மீன் ஏதாவது கிடைத்தால் கொண்டு வா. ஐஸில் வைத்துக் கொண்டு வந்தால் நீதான் கழுவி வெட்ட வேண்டும், எனக்குக் கரண்ட் அடிக்கும். குழம்பு நான் வைக்கிறேன். உப்பு நீ பார்.

உன்,
கமலா

பின்குறிப்பு: இப்போது தண்ணீர் ஜக் மேசையில் வைப்பதில்லை. குசினியில் இருக்கும். வேண்டியவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.